தூக்கத்தில் காலை உதைப்பது யார்?

“ராத்திரி பூரா உதைச்சுப்போட்டு, காலையில ஒண்ணும் தெரியாத மாதிரி காப்பி குடிக்கறீங்களே!” என்கிறாள் மனைவி.

“நானா? படுத்தது தெரியும், விடிஞ்சது தெரியும். நடுவுல ஒண்ணும் தெரியாது” என்கிறார் கணவர்.

இந்தச் சண்டை சேலத்தில் நடக்கிறது. ராசிபுரத்தில் நடக்கிறது. திருச்செங்கோட்டிலும் நடக்கிறது. பாய் விரித்து வரிசையாகப் படுக்கும் வீடுகளில், நடுவில் படுத்த பிள்ளைக்கும் இரண்டு உதை கிடைக்கிறது.

இதில் பொய் சொல்வது யார்?

இருவருமே பொய் சொல்லவில்லை. மனைவி உதை வாங்கியது உண்மை. கணவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. உதைத்தது அவருடைய கால்தான். ஆனால் அவர் சொல்லி அது உதைக்கவில்லை!

மோட்டார் எங்கே?

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் இரவில் போனவர்களுக்குத் தெரியும். ஊர் தூங்கும், விசைத்தறி தூங்காது. தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது நாடாதான். அது தானாகவா ஓடுகிறது? மோட்டார் ஓட்டுகிறது.

தூக்கத்தில் ஆடும் காலும் அந்த நாடாவைப் போன்றதே. அதன் மோட்டார் தலைக்குள் இருக்கிறது.

இது தெரியாமல் காலைத்தான் நாம் குற்றம் சொல்கிறோம். “வாய்வு” என்கிறார் ஒருவர். “நரம்புத் தளர்ச்சி” என்கிறார் இன்னொருவர். “காத்துக் கருப்பு பட்டிருக்கும்” என்று மந்திரித்த கயிறு கட்டுகிறவர்களும் உண்டு. தைலம் தேய்க்கிறார்கள். தேய்ப்பது சுகம்தான். ஆனால் நாடாவுக்கு எண்ணெய் போட்டால் மோட்டார் நிற்குமா?

தூங்காத மூளை

தூங்கினால் மூளையும் ஓய்ந்துவிடும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு கருவி.

ஜெர்மனியில் ஜேனா என்ற நகரம். அங்கே ஹான்ஸ் பெர்கர் என்று ஒரு டாக்டர். 1924-ம் ஆண்டில் அவர் மனிதத் தலையில் மின்கம்பிகளைப் பொருத்தி, மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் எழுத வைத்தார். 1929-ல் அதை உலகுக்கு அறிவித்தார். அந்த மின்சாரம் மிகமிகச் சிறியது. டார்ச் விளக்கில் போடும் பாட்டரியின் அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. இருந்தும் அது ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. தூங்கும்போதும் ஓடுகிறது!

விழித்திருக்கும்போது அந்த மின்சார அலைகள் சின்னச் சின்னதாக, வேகமாக இருக்கும். கண் அசந்ததும் மெதுவாகும். நன்றாகத் தூங்கிவிட்டால் பெரிய பெரிய அலைகளாக, நிதானமாக வரும்.

பிறகு ஒரு விசித்திரம். 1953-ம் ஆண்டில் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் அதைச் சொன்னார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்விழிகள் திடீரென்று அங்குமிங்கும் ஓடுகின்றன. அந்த நேரத்தில் அவரை எழுப்பிக் கேட்டால், “கனவு கண்டுகொண்டிருந்தேன்” என்று பெரும்பாலும் சொல்கிறார். அப்போது மூளையின் அலைகளும் விழித்திருப்பவனின் அலைகளைப் போலவே வேகமாக ஓடுகின்றன.

அரைத் தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம். மறுபடியும் அரைத் தூக்கம். இப்படிச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ஓர் இரவில் நாலைந்து சுற்று. எந்தப் படியில் இருக்கும்போது கால் ஆடுகிறது என்று பார்த்தால், அது என்ன ஆட்டம் என்று டாக்டர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

மாடியிலிருந்து விழுந்தாற்போல

முதல் ஆட்டம் கண் அசரும்போதே வந்துவிடுகிறது. படுத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திடீரென்று படியில் கால் தவறியதுபோல் ஓர் உணர்ச்சி. உடம்பு தூக்கிப் போடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. “சாமி!” என்று கத்திக்கொண்டு எழுந்து உட்காருகிறவர்களும் உண்டு.

இது பெரும்பாலோருக்கு எப்போதாவது வருவதுதான். விழிப்பைக் காவல் காக்கும் மூளைத் தண்டு, பொறுப்பைத் தூக்கத்திடம் ஒப்படைக்கும் நேரம் அது. அப்போது நடக்கும் சின்னத் தடுமாற்றம் இது என்கிறார்கள். நாள் முழுக்க அலுத்துப் படுத்தாலும், இரவில் காப்பியோ டீயோ அதிகம் குடித்தாலும் கூடுதலாக வரும். வியாதி அல்ல. திரும்பிப் படுத்தால் தூக்கம் வந்துவிடும்.

கடிகாரம் போல ஓர் உதை

கணவன்-மனைவிச் சண்டைக்குக் காரணமானது வேறு ஆட்டம்.

இத்தாலி நாட்டில் பொலோனா நகரம். அங்கே எலியோ லுகரேசி என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் தூங்குகிறவர்களின் தலையில் மட்டுமல்ல, காலிலும் கம்பி பொருத்திப் பார்த்தார்கள். 1965-ல் அவர்கள் வெளியிட்ட செய்தி டாக்டர்களைத் திகைக்க வைத்தது.

கால் கண்டபடி ஆடவில்லை, கணக்காக ஆடியது! பெருவிரல் மேலே தூக்குகிறது. கணுக்கால் மடங்குகிறது. சில வேளை முழங்காலும் இடுப்பும் சேர்ந்து மடங்குகின்றன. அரை விநாடியிலிருந்து சில விநாடி வரை அப்படி இருந்துவிட்டுத் தளர்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 விநாடிக்குள் மறுபடியும் அதே உதை. இப்படி வரிசையாக நூறு, இருநூறு தடவைகூட! முன்னிரவில்தான் அதிகம்.

மணிக்கு 15 தடவைக்கு மேல் வந்தால் பெரியவர்களுக்கு அது அதிகம் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் 60 வயது தாண்டியவர்களில் பலருக்கு இந்த ஆட்டம் உண்டு. அவர்களில் பலர் நன்றாகத் தூங்கி, நன்றாகவே எழுந்திருக்கிறார்கள். கால் ஆடுகிறது என்பதற்காக மட்டும் மருந்து தேடி ஓட வேண்டியதில்லை. பகலில் சோர்வு உண்டா, இரவில் தூக்கம் கெடுகிறதா என்பதே கேள்வி.

எது முந்தியது?

ஒவ்வோர் உதையின்போதும் மூளை அலைகளைக் கவனித்தார்கள். பல தடவை, சில விநாடி நேரம் அலைகள் வேகமாகின்றன. அதாவது மூளை ஒரு நொடி விழித்துக்கொள்கிறது. தூங்குகிறவருக்கு அது தெரியாது. மறுபடி அலை அடங்குகிறது. மறுபடி உதை; மறுபடி விழிப்பு. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர், சந்தைக் கூச்சலில் படுத்து எழுந்தவர்போலக் காலையில் எழுந்திருக்கிறார்.

கால் ஆடுவதால் மூளை விழித்துக்கொள்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். நியாயமான நினைப்புதான். ஆனால் கருவி வேறு கதை சொன்னது. சில சமயம் கால் முந்துகிறது. சில சமயம் மூளை முந்துகிறது. இதயத் துடிப்போ, கால் அசைவதற்கு முன்பே வேகமாகத் தொடங்கிவிடுகிறது!

2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது. ஒரு மருந்து கொடுத்தார்கள். கால் உதை நின்றது. மூளையின் அரை விழிப்பு நிற்கவில்லை. வேறு மருந்து கொடுத்தார்கள். மூளை அமைதியாயிற்று, கால் தன் பாட்டுக்கு உதைத்துக்கொண்டே இருந்தது!

கால் மூளையை எழுப்பவில்லை. மூளையின் விழிப்பும் காலை உதைக்கச் செய்யவில்லை. உள்ளே ஒரு தாளம் ஓடுகிறது. அந்தத் தாளத்துக்கு மூளை, இதயம், கால் மூன்றும் ஆடுகின்றன. பறை அடிப்பவன் ஒருவன், ஆடுகிறவர்கள் மூவர்.

மூக்கணாங்கயிறு

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்துக்குக் கால்களை மடக்கி நீட்டச் சொந்தமாகவே தெரியும். நெருப்பு சுட்டால் நாம் யோசிப்பதற்கு முன்பே கால் இழுத்துக்கொள்கிறதே, அது தண்டுவடத்தின் வேலை. விபத்தில் தண்டுவடம் முற்றிலும் அறுந்துபோனவர்களுக்குக்கூடத் தூக்கத்தில் இந்தக் கணக்கான உதை வருவதை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மூளையின் தொடர்பே அறுந்த பிறகும் கால் ஆடுகிறதே, பின் மூளைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காளையை நடத்துவது வண்டிக்காரன் அல்ல. நடப்பது காளையின் கால். வண்டிக்காரன் கையில் இருப்பது மூக்கணாங்கயிறு. மூளையும் தண்டுவடத்தை அப்படித்தான் பிடித்திருக்கிறது. கயிறு தளர்ந்தால் காளை தன் இஷ்டத்துக்கு உதைக்கும்.

அந்தக் கயிறு எதனால் திரித்தது? மூளையின் ஆழத்தில் ஊறும் டோபமின் என்ற பொருளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

“சித்த ஏறி மிதி, சாமி!”

தூங்கும்போது கால் உதைக்கிறவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூங்குவதற்கு முன்பே தொல்லை தொடங்கிவிடுகிறது. இவர்கள்தான் மெய்யாகவே பாவப்பட்டவர்கள்.

கொங்கு நாட்டு வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பொழுது சாய்ந்து விளக்கு வைத்தாகிவிட்டது. அப்பத்தா கட்டிலில் படுக்கிறாள். படுத்த மாத்திரத்தில், “கால் குடையுது சாமி, சித்த ஏறி மிதி!” என்று பேரனைக் கூப்பிடுகிறாள். பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு கால்மீது ஏறி நடக்கிறான். கொஞ்ச நேரம் சுகம். அவன் இறங்கியதும் மறுபடியும் குடைச்சல். அப்பத்தா எழுந்து வாசலுக்கும் திண்ணைக்கும் நடக்கிறாள். நடந்தால் தேவலை. படுத்தால் மறுபடி!

வலி என்று சொல்ல முடியாது. உள்ளுக்குள் எறும்பு ஊர்வதுபோல, யாரோ இழுப்பதுபோல ஓர் உளைச்சல். காலை ஆட்டாமல் இருக்க முடியாத ஒரு தவிப்பு.

இதை இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற டாக்டர் 1672-லேயே எழுதி வைத்தார். பிறகு மறந்துபோனார்கள். சுவீடன் நாட்டு டாக்டர் கார்ல் ஆக்சல் எக்போம் 1945-ல் இதைத் தனி வியாதியாக விவரித்து, ‘அமைதியற்ற கால்கள்’ என்று பெயர் வைத்தார். ‘கால் குடைச்சல்’ என்ற நம் பாட்டிமாரின் பெயர் அதைவிடப் பொருத்தமானது!

இதை அடையாளம் காண நாலு கேள்வி போதும். காலை ஆட்ட வேண்டும் என்ற தவிப்பு உண்டா? சும்மா இருக்கும்போது கூடுகிறதா? நடந்தால் குறைகிறதா? மாலையிலும் இரவிலும் மோசமாகிறதா? நாலுக்கும் ‘ஆமாம்’ என்றால் பெரும்பாலும் அதுதான். கெண்டைக்காலில் குரக்கு பிடிப்பது வேறு. அதில் சதை கல்லாய் இறுகி வலிக்கும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வரும் பாத எரிச்சலும் மதமதப்பும் வேறு. அது நடந்தாலும் போகாது.

பக்கத்து ஊரான பெங்களூரில் வீடு வீடாக விசாரித்து, 2007-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சுமார் 2 பேருக்கு இந்தக் கால் குடைச்சல் இருந்தது. பிற நாடுகளில் எடுத்த கணக்குகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் வருவது சர்வ சாதாரணம். பிரசவமானதும் பெரும்பாலும் மறைந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. “ஆட்டம் போட்ட களைப்பு” என்று நாம் அதட்டிப் படுக்க வைத்துவிடுகிறோம்.

குடைச்சல் உள்ள ஐந்து பேரில் நாலு பேருக்குத் தூங்கிய பிறகு அந்தக் கணக்கான உதையும் வருகிறது. தளர்ந்த கயிறு இரண்டிலும் ஒன்றுதான்.

இரும்பு மலையின் அடியில்

கயிறு ஏன் தளர்கிறது? இதற்குக் கிடைத்த விடை சேலம்காரர்களின் காதில் விசித்திரமாகவே விழும். இரும்பு!

சுவீடனில் நார்ட்லாண்டர் என்ற டாக்டர் 1953-ல் கால் குடைச்சல்காரர்களுக்கு இரும்புச் சத்தை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார். பலருக்குக் குடைச்சல் நின்றது. அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2001-ல், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் யந்திரத்தால் இவர்களுடைய மூளைக்குள் பார்த்தார்கள். டோபமின் ஊறும் இடத்தில் இரும்பு குறைந்திருந்தது!

டோபமின் தயாராவதற்கு இரும்பு தேவை. இரும்பு குறைந்தால் அந்தத் தயாரிப்பு தடுமாறுகிறது. இரத்தத்தில் இரும்பு போதுமான அளவு இருந்தும், மூளைக்குப் போய்ச் சேராதவர்களும் உண்டு. இரவு நேரத்தில் இரத்தத்தில் ஓடும் இரும்பும் குறைகிறது, டோபமினும் குறைகிறது. குடைச்சல் ராத்திரிக்காரனாக இருப்பதன் ரகசியம் அது.

சேலத்துக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலையில் காந்த இரும்புக் கல் குவிந்து கிடக்கிறது. மலை நிறைய இரும்பு. மலையடியில் குடியிருப்பவர் உடம்பிலோ பஞ்சம்! மத்திய அரசாங்கம் 2019 முதல் 2021 வரை எடுத்த குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருத்தி! அவர்கள் எல்லோருக்கும் கால் குடையும் என்பதல்ல. ஆனால் கால் குடையும் பெண் முதலில் இரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

டீத் தண்ணீரும் மாத்திரை டப்பாவும்

இரவு ஷிப்டு தறிக்காரருக்கு டீதான் துணை. காட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் சோற்றோடு சோறாக ஒரு டம்ளர் டீ. டீயிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. டீயை விட வேண்டாம். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்.

ஆட்டு ஈரலிலும் சுவரொட்டியிலும் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும். கம்பு, கீரை, பயறு வகைகளிலும் உண்டு. அது சற்றுச் சிரமப்பட்டே சேரும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா கூட இருந்தால் அந்தச் சிரமம் குறையும். நாமக்கல் முட்டை உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அதிலுள்ள இரும்பு எளிதில் சேராது. முட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் இரும்புச் சத்து மாத்திரையை இலவசமாகத் தருகிறது. தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். எத்தனை வீடுகளில் அந்த மாத்திரை அலமாரியில் தூங்குகிறது! “வாந்தி வருது”, “வெளிக்குக் கறுப்பாப் போகுது” என்று நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம். குமட்டல் இருந்தால் நர்சம்மாவிடம் சொன்னால் வேளையை மாற்றிக் கொடுப்பார்.

மற்றவர்கள் தாங்களாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. அளவு மீறினால் ஈரலையும் இதயத்தையும் அது கெடுக்கும். ‘ஃபெரிட்டின்’ என்று ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. உடம்பின் களஞ்சியத்தில் எவ்வளவு இரும்பு இருப்பு என்று காட்டும். இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். அந்த எண் 20, 30 என்று இருந்தாலும் சில பரிசோதனை நிலையங்களின் சீட்டில் ‘சரி’ என்றே அச்சாகியிருக்கும். கால் குடைச்சல் உள்ளவருக்கு அது சரியல்ல. எண் 75 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ சங்கம் 2025-ல் வெளியிட்ட வழிமுறை சொல்கிறது. ‘இரத்தம் நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லோடு திரும்பி வந்தவர்கள், பழைய சீட்டை எடுத்து இன்னொரு முறை பார்க்கலாம்.

பூனைக்காலி சொன்ன ரகசியம்

டோபமின் குறைவு என்றால் அதையே கொடுத்துவிட்டால் என்ன? இந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு.

வேலியோரத்தில் படரும் பூனைக்காலியை அறியாதவர் இல்லை. காய் மேல் பட்டால் உயிர் போகிற மாதிரி அரிக்கும். விதை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். 1937-ம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் லெவோடோபா. மூளைக்குள் போய் டோபமினாக மாறும் பொருள் இதுதான்! பிற்காலத்தில் அது நடுக்குவாத நோய்க்குப் பெரிய மருந்தாயிற்று. 1982-ல் துருக்கி நாட்டு டாக்டர் அக்பினார், கால் குடைச்சலுக்கும் அது கேட்கிறது என்று எழுதினார்.

உடனே பூனைக்காலி வாங்கக் கிளம்ப வேண்டாம்! முதலில் சொர்க்கம் காட்டும் இந்த மருந்து, நாளடைவில் குடைச்சலையே பெருக்குகிறது. இரவில் வந்தது மாலையில் வருகிறது. மாலையில் வந்தது மத்தியானமே வருகிறது. காலில் இருந்தது கைக்கும் ஏறுகிறது. அதனால் டோபமின் வகை மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று மேலே சொன்ன வழிமுறை தடுக்கிறது. முதலில் இரும்பைப் பார். பிறகு வேறு வகை மருந்து என்பதுதான் இன்றைய முறை.

குடைச்சலைத் தூண்டிவிடும் மருந்துகளும் உண்டு. சில சளி, அரிப்பு மாத்திரைகள். சில வாந்தி மாத்திரைகள். மனச் சோர்வுக்கான சில மாத்திரைகள். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய பிறகு கால் குடைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்திவிடக் கூடாது.

கனவில் ஓடும் கால்

பின்னிரவில், விடியப்போகும் நேரத்தில் வரும் ஆட்டம் முற்றிலும் வேறு.

கனவில் நாம் ஓடுகிறோம், சண்டை போடுகிறோம். உடம்போ அசையாமல் கிடக்கிறது. ஏன்? மூளைத் தண்டு அப்போது உடம்பின் தசைகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டுவிடுகிறது! கண்ணுக்கும் மூச்சுக்கும் மட்டும் விலக்கு. சில சமயம் மூளை முதலில் விழித்துக்கொண்டு, பூட்டுத் திறக்கத் தாமதமாகிறது. கண் திறந்திருக்கும்; கையை அசைக்க முடியாது; நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். ‘அமுக்குவான் பேய்’ என்று ஊரார் சொல்வது இந்தப் பூட்டைத்தான்.

பிரான்சில் லியோன் நகரத்து விஞ்ஞானி மிஷேல் ஜுவே, பூனைகளின் மூளைத் தண்டில் அந்தப் பூட்டின் இடத்தைக் கெடுத்துப் பார்த்தார். பூனை தூங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத எலியைப் பாய்ந்து பிடித்தது! 1986-ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகர டாக்டர்கள் ஷெங்க், மாஹோவால்ட் ஆகியோர் மனிதர்களிலும் இதைக் கண்டார்கள். பெரும்பாலும் நடு வயது தாண்டிய ஆண்கள். கனவில் திருடனைத் துரத்துகிறார். நிஜத்தில் மனைவிக்கு அடி விழுகிறது. கத்துகிறார், கட்டிலிலிருந்து குதிக்கிறார்.

இதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. இப்படிக் கனவை நடித்துக் காட்டும் முதியவர்களில் பலருக்குப் பல ஆண்டு கழித்து நடுக்குவாதமோ அதன் இன வியாதியோ வருவதை டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். கை நடுங்குவதற்குப் பத்து ஆண்டு முன்னாலேயே தூக்கம் தகவல் சொல்லிவிடுகிறது. மூளை நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். அதுவரை கட்டிலை விட்டுத் தரையில் படுப்பதும், அருவாமனை முதலியவற்றைப் படுக்கைப் பக்கம் வைக்காதிருப்பதும் நல்லது.

தூளியில் துடிக்கும் பாதம்

அதே கனவுத் தூக்கத்தில் இன்னொரு துடிப்பும் உண்டு. இதற்குப் பயப்பட வேண்டியதே இல்லை.

தூளியில் கிடக்கும் பச்சைக் குழந்தையைப் பாருங்கள். தூங்கும்போது விரல் துடிக்கும். பாதம் வெடுக்கென்று இழுக்கும். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போகும். “சாமி பூ காட்டுது” என்பார்கள் பாட்டிமார்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து விஞ்ஞானி மார்க் பிளம்பர்க் பல ஆண்டு எலிக்குஞ்சுகளை வைத்து இதை ஆராய்ந்தார். கால் துடித்ததும் அங்கிருந்து ஒரு சேதி மூளைக்குப் போகிறது. விழித்திருக்கும்போது கைகால் எல்லாம் ஒன்றாக ஆடும். எது எது என்று மூளைக்குப் பிரித்தறிவது கடினம். தூக்கத்தில் ஒவ்வொன்றாகத் துடிக்கிறது. இது இடது கால், இது பெருவிரல் என்று மூளை பாடம் படிக்கிறது! மற்ற ஆட்டங்களில் மூளை காலை ஆட்டுகிறது. இங்கே கால் மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

ஒரே பக்கம் மட்டும் விடாமல் வெட்டினாலோ, விழித்திருக்கும்போதும் வெட்டினாலோ, தொட்டுப் பிடித்தும் நிற்காவிட்டாலோ அது வலிப்பாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.

ஸ்டியரிங் பிடிக்கும் கை

நாமக்கல் லாரி கட்டும் ஊர். லாரி ஓட்டுகிறவர்களின் ஊர். திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டிகள் வடநாடு வரை போகின்றன. இரவு முழுக்க ஸ்டியரிங் பிடித்து, பகலில் காபினில் சுருண்டு படுக்கும் மனிதருக்குக் கிடைக்கும் தூக்கமே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் நிமிடத்துக்கு இரண்டு தரம் உடைத்தால் என்ன ஆகும்? கண் அசந்த இரண்டு விநாடியில் வண்டி ஒரு தென்னை மர உயரத்தைவிட அதிகம் ஓடிவிடும்.

போதிய நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்கினால் அதற்குக் காரணம் கால் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. குறட்டையோடு மூச்சுத் திணறும் வியாதிதான் இதைவிட அதிகம். இரண்டையும் ஒரே இரவில் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. தலை, கண்ணோரம், மோவாய், நெஞ்சு, இரண்டு முழங்காலுக்குக் கீழே என்று கம்பிகளை ஒட்டிப் படுக்க வைப்பார்கள். வலி இல்லை, ஊசி இல்லை. விடிந்ததும் அந்த இரவின் ஜாதகமே காகிதத்தில் இருக்கும். பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்று ஆய்வுக்கூடம் உண்டு. கோவையிலும் சென்னையிலும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள்.

எல்லோருக்கும் அது தேவைப்படாது. கால் குடைச்சலுக்கு அந்த நாலு கேள்வியும் ஓர் இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் போதும். சிறுநீரக வியாதிக்காரர்களும் கர்ப்பிணிகளும் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது தனியாகப் போகக்கூடாது. பக்கத்தில் படுத்து உதை வாங்கியவரையும் கூட்டிப் போக வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம், முன்னிரவிலா பின்னிரவிலா, கத்தினாரா, குறட்டை விட்டாரா என்றெல்லாம் டாக்டர் கேட்பார். பதில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.